பன்னாட்டுத் தேதிக்கோட்டை வளைத்தது யார்?

கீழவாசல் செல்வா (இழையைத் தொடங்கியவர்)

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். புவியியலில் பன்னாட்டுத் தேதிக்கோடு பற்றி நான்கே வரி. 180 டிகிரி தீர்க்கக்கோட்டை ஒட்டிப் போகும் கற்பனைக் கோடு, நாடுகளை இரண்டாக வெட்டாமல் இருக்க அங்கங்கே வளைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வளைத்தது யார் என்பதுதான் என் கேள்வி. ஐ.நா.வா? ஏதாவது ஒப்பந்தமா? வீட்டில் இரண்டு அட்லஸ் இருக்கிறது. ஒன்றில் பசிபிக் நடுவே அந்தக் கோடு கிழக்குப் பக்கம் பெரிய மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது, இன்னொன்றில் மூக்கே இல்லை. எது சரி?

இன்னொன்று. கோட்டைக் கடந்தால் ஒரு நாளைக் கூட்ட வேண்டுமா கழிக்க வேண்டுமா என்பது எத்தனை முறை படித்தாலும் மனதில் நிற்பதில்லை.

பொது அறிவு பாண்டி

1884 வாஷிங்டன் மாநாடு. கிரீன்விச்சையும் தேதிக்கோட்டையும் அங்கேதான் முடிவு செய்தார்கள். இதெல்லாம் தேடினாலே கிடைக்குமே தம்பி.

நங்கூரம்

பாண்டி சார், பாதிதான் சரி. 1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடின. தொடக்கத் தீர்க்கக்கோடு கிரீன்விச் வழியாகப் போக வேண்டும் என்று முடிவானது. 22 நாடுகள் ஆதரவு, சான் டொமிங்கோ (இன்றைய டொமினிக்கன் குடியரசு) எதிர்ப்பு, பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. ஆனால் தேதி எங்கே மாற வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானம் எதுவும் போடவில்லை. அதன் பிறகும் எந்த மாநாடும் போடவில்லை.

செல்வா, உங்கள் கேள்விக்கு நேரான பதில்: யாரும் வளைக்கவில்லை. ஒவ்வொரு நாடும் தன் கடிகாரத்தையும் தேதியையும் தானே வைத்துக்கொள்கிறது. இந்தப் பக்கம் இருப்பவன் சனிக்கிழமை என்கிறான், அந்தப் பக்கம் இருப்பவன் வெள்ளிக்கிழமை என்கிறான், வரைபடம் போடுகிறவர் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்துவிடுகிறார். முன்பு பிரிட்டிஷ் கடற்படையின் வரைபடத் துறையும் அமெரிக்கக் கடற்படையின் வரைபடத் துறையும் போட்டது ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதே இல்லை.

அந்த மூக்கு கிரிபாட்டி நாடு. அதன் தீவுகள் பசிபிக்கில் 3,000 கிலோமீட்டருக்கும் மேலே சிதறிக் கிடக்கின்றன. தீவுகளுக்கு நடுவே இருப்பது எவனுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடல். அங்கே போகும் கப்பல், கடல் நேர மண்டல முறைப்படி 180 டிகிரியில்தான் தேதியை மாற்றும், மூக்கைச் சுற்றிக்கொண்டு மாற்றாது. அதனால் உங்கள் இரண்டு அட்லஸும் தப்பில்லை. மூக்கு வரைந்தவர் தீவுகளின் தேதியைக் காட்டியிருக்கிறார். வரையாதவர் கடலைக் காட்டியிருக்கலாம், அல்லது பழைய பதிப்பாக இருக்கலாம்.

கூட்டலா கழித்தலா என்பதற்குக் கப்பலில் எங்கள் மூத்த அதிகாரி சொல்லிக்கொடுத்தது: கிழக்கே போனால் கழி. 'கி'க்குக் 'க'. இது நின்றுவிட்டால் மேற்கே போனால் கூட்டு என்பது தானாக வந்துவிடும். ஜப்பானிலிருந்து அமெரிக்கா போகும்போது செவ்வாய்க்கிழமை இரண்டு முறை வரும். திரும்பி வரும்போது ஒரு கிழமையே காணாமல் போகும்.

நடைமுறையில் கோட்டைத் தொட்ட நொடியில் யாரும் காலண்டரைக் கிழிப்பதில்லை. கேப்டன் தோதான ஒரு நள்ளிரவைப் பார்த்து அறிவிப்பார். கிழக்கே போகும்போது பதிவேட்டில் ஒரே தேதியை இரண்டு முறை எழுதுவோம். மேற்கே வரும்போது வேறொரு தலைவலி. இந்திய ஊழியர்கள் உள்ள கப்பலில் ஞாயிறு என்றால் பிரியாணி. சனி இரவு தேதி தாண்டினால் விடிந்தால் திங்கள். அன்றைக்குச் சமையல்காரரிடம் யார் போய்ப் பேசுவது என்பதுதான் கப்பலின் பெரிய பிரச்சினையாக இருக்கும்.

கீழவாசல் செல்வா

நன்றி ஐயா. 'கிழக்கே போனால் கழி' இனி மறக்காது. ஆனால் அடிப்படையிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. இப்படி ஒரு கோடு எதற்கு? அந்தந்த ஊரில் நள்ளிரவு வந்தால் தேதி மாறிவிடுகிறது. இன்னொரு கோடு என்ன செய்கிறது?

கணக்கு வாத்தியார்

நல்ல கேள்வி. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

உலகத்தில் தேதி மாறும் எல்லைகள் எப்போதும் இரண்டு உண்டு. ஒன்று ஓடும் கோடு, இன்னொன்று நிற்கும் கோடு. நள்ளிரவு என்பது ஓடும் கோடு. மணிக்கு 15 டிகிரி வேகத்தில் மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. அது போன இடமெல்லாம் புதுத் தேதி. இப்படி டோக்கியோ, சென்னை, லண்டன், நியூயார்க் என்று நகர்ந்து உலகத்தைச் சுற்றி வருகிறது. ஒரு கட்டத்தில் அது எங்கிருந்து புறப்பட்டதோ அங்கே வந்தாக வேண்டும். அங்கே ஏற்கெனவே 'இன்று' நடந்துகொண்டிருக்கிறது, பின்னால் வருவதோ 'நேற்று'. இரண்டும் உரசிக்கொள்ளும் இடத்தில் ஒரு தையல் இருந்தே தீர வேண்டும். உருண்டை மேல் இதைத் தவிர்க்க வழி இல்லை. எங்கே தைப்பது என்பதுதான் நம் விருப்பம். ஆள் நடமாட்டம் குறைவு என்பதால் பசிபிக்கில் தைத்தோம்.

ஒரு தேதி உலகத்தில் எத்தனை மணி நேரம் உயிரோடு இருக்கும் என்று வகுப்பில் கேட்டால் எல்லோரும் 24 என்பார்கள். 180 டிகிரியில் நேர்க்கோடாக இருந்தால் 48. இன்றைய ஏற்பாட்டில் 50. கிரிபாட்டியின் கிரிட்டிமாட்டி தீவு கிரீன்விச்சுக்கு 14 மணி நேரம் முன்னே. அமெரிக்காவின் பேக்கர், ஹவ்லாண்ட் என்ற ஆளில்லாத தீவுகள் 12 மணி நேரம் பின்னே. ஜனவரி 1 கிரிட்டிமாட்டியில் பிறக்கும்போது நமக்கு டிசம்பர் 31 பிற்பகல் 3.30. அதே ஜனவரி 1 பேக்கர் தீவில் முடியும்போது நமக்கு ஜனவரி 2 மாலை 5.30.

இதில் ஒரு விளைவு உண்டு. தினமும் இந்திய நேரம் பிற்பகல் 3.30 முதல் 5.30 வரை உலகத்தில் மூன்று தேதிகள் ஒன்றாக நடக்கும். நாளைக்கு 4 மணிக்கு டீ குடிக்கும்போது யோசித்துப் பாருங்கள். நமக்கு மே 2 என்றால் அமெரிக்க சமோவாவில் மே 1 இரவு 11.30, கிரிட்டிமாட்டியில் மே 3 நள்ளிரவு தாண்டி 12.30.

சந்தேக சாமி

மேற்கே மேற்கே போய்க்கொண்டே இருந்தால் நாள் தாண்டித் தாண்டி வயது குறையுமா வாத்தியாரே?

கணக்கு வாத்தியார்

@சந்தேக சாமி, குறையாது. தாண்டும் 24 மணி நேரத்தை வழியெல்லாம் தவணையில் முன்கூட்டியே வாங்கியிருப்பீர்கள். மேற்கே போகிறவனுக்குச் சூரியன் மறைவதும் உதிப்பதும் தள்ளித் தள்ளிப் போகும். அவன் நாள் ஒவ்வொன்றும் 24 மணி நேரத்துக்கு மேல். உலகத்தைச் சுற்றி முடிக்கும்போது ஊரில் இருந்தவனைவிட ஒரு சூரிய உதயம் குறைவாகப் பார்த்திருப்பான்.

இதை முதலில் நேரில் பட்டவர்கள் மெகல்லன் கப்பல்காரர்கள். 1519ல் ஸ்பெயினிலிருந்து புறப்பட்ட ஐந்து கப்பல்களில் விக்டோரியா ஒன்றுதான் 1522 செப்டம்பரில் 18 பேரோடு திரும்பியது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூலை 9ல், கேப் வெர்டே தீவில் உணவுக்காக ஒதுங்கினார்கள். கப்பல் கணக்கில் அன்று புதன். கரையில் இருந்த போர்த்துகீசியர் வியாழன் என்றார்கள். பிகாஃபெட்டா என்ற இத்தாலியர் தினமும் விடாமல் குறிப்பு எழுதியவர். தனக்கு ஒரு நாள்கூட உடம்பு சரியில்லாமல் போகவில்லையே, எப்படி விட்டிருக்கும் என்று குழம்பியிருக்கிறார்.

சிரியாவைச் சேர்ந்த அபுல்ஃபிதா என்ற இளவரசர், அவரும் புவியியலாளர்தான், 1331ல் இறந்துபோனார். ஒருவன் கிழக்கே சுற்றி, ஒருவன் மேற்கே சுற்றி, ஒருவன் அதே இடத்தில் நின்றால் மூவர் கணக்கும் ஒவ்வொரு நாள் வேறுபடும் என்று அவர் முன்பே எழுதிவிட்டார். உலகத்தை யாரும் சுற்றிப் பார்க்காத காலத்தில்.

வல்லைவெளி

மெகல்லன் கதையின் மிச்சம் மணிலாவில இருக்கு. ஸ்பானியர் பிலிப்பைன்சுக்கு மெக்சிகோவில இருந்து பசிபிக்கைக் கடந்து வந்தவை. அதனால அமெரிக்கக் கண்டத்தின் திகதியையே கொண்டுவந்தினம். பக்கத்தில, சீனக் கரையில இருக்கிற மக்காவுக்குப் போர்த்துக்கீசர் ஆபிரிக்கா, இந்தியா சுற்றி மற்றப் பக்கத்தால வந்தவை. ரெண்டு ஊருக்கும் இடையில கொஞ்சக் கடல்தான், ஆனால் திகதி ஒரு நாள் வித்தியாசம். ரெண்டரை நூற்றாண்டுக்கு மேலே அப்படியே ஓடியிருக்கு.

1821ல மெக்சிகோ விடுதலை அடைஞ்சுது. அதுக்கு முதலே மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்தில இருந்து மணிலாவுக்கு வந்த கப்பலும் நின்டுபோச்சு. வியாபாரம் சீனாப் பக்கம் திரும்பினது. அதுக்குப் பிறகுதான் ஆளுநர் கிளாவெரியா உத்தரவு போட்டார். 1844 டிசம்பர் 30 திங்கள், அடுத்த நாள் 1845 ஜனவரி 1 புதன். டிசம்பர் 31 செவ்வாய் மணிலாவில வரவே இல்லை.

அலாஸ்காவில நேர்மாறு. ரஷ்யர் சைபீரியாவில இருந்து கிழக்கே போய்க் குடியேறினபடியால் ஆசியத் திகதி, அதிலயும் பழைய ஜூலியன் நாட்காட்டி. 1867ல அமெரிக்கா வாங்கினபோது நாட்காட்டிக்கு 12 நாளைக் கூட்டி, கோடு மாறினதுக்கு ஒரு நாளைக் கழிச்சினம். ஒக்டோபர் 6 வெள்ளிக்கு அடுத்த நாள் ஒக்டோபர் 18, திரும்பவும் வெள்ளி.

எனக்குத் தெரியிறது என்னெண்டால், இந்தக் கோடு பூகோளத்தில இல்லை. ஆர் எந்தத் திசையால வந்தான், ஆரோட வியாபாரம் செய்தான் எண்டதன் தடம்தான் அது.

ஆக்லாந்து தேன்மொழி

வல்லைவெளி அண்ணா சொன்னதற்கு சமோவாவைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இங்கே ஆக்லாந்தில் சமோவா மக்கள் நிறைய. வேலையிடத்தில் பேச்சு வந்தால் இந்தக் கதை வராமல் போகாது.

பாதிரியார்கள் சிட்னி வழியாக வந்ததால் சமோவா முதலில் ஆசியப் பக்கத் தேதியில்தான் இருந்தது. 1892ல் அமெரிக்க வியாபாரிகள் வற்புறுத்த, மன்னர் மலியேடோவா லௌபெபா அமெரிக்கப் பக்கம் மாறினார். மாறும்போது ஒரு நாளைத் திரும்ப வாழ வேண்டுமே, எந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? ஜூலை 4. அமெரிக்க சுதந்திர தினத்தை இரண்டு முறை கொண்டாடினார்கள்.

119 வருடம் கழித்து நிலைமை தலைகீழ். சரக்கு வருவது நியூசிலாந்திலிருந்து, பிள்ளைகள் பணம் அனுப்புவது ஆஸ்திரேலியாவிலிருந்து. ஆனால் சமோவாத் தலைநகர் அப்பியாவில் வெள்ளிக்கிழமை அலுவலகம் திறந்திருக்கும்போது ஆக்லாந்தில் சனிக்கிழமை. அவர்கள் ஞாயிறு தேவாலயத்தில் இருக்கும்போது இங்கே திங்கள் வேலை தொடங்கியிருக்கும். வாரத்தில் பொதுவாக நான்கே வேலை நாள். பிரதமர் துய்லாயெபா முடிவெடுத்தார். 2011 டிசம்பர் 29 வியாழன் நள்ளிரவுக்கு அடுத்து டிசம்பர் 31 சனி. 1,80,000 சொச்சம் மக்களுக்கு அந்த வெள்ளிக்கிழமை கிடையாது. நியூசிலாந்தின் டோக்கெலாவும் கூடவே தாண்டியது. இதே அரசுதான் 2009ல் நாட்டின் வண்டிகளையெல்லாம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றி ஓட்ட வைத்தது. காரணம் அதேதான், நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து மலிவாகக் கார் இறக்கலாம்.

வராத வெள்ளிக்கிழமைக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. தொழிலாளிகளுக்கு மகிழ்ச்சி, முதலாளிகளுக்கு முகம் கறுத்தது.

பக்கத்திலேயே அமெரிக்க சமோவா, 125 கிலோமீட்டர். அவர்கள் மாறவில்லை. சின்ன விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், இறங்கினால் நேற்று. ஒரே மொழி, ஒரே உறவுமுறை, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய் வருகிறவர்கள். பிறந்தநாளை இரண்டு முறை கொண்டாடலாம் என்று சுற்றுலாக்காரர்கள் விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் இழவுச் செய்தி வந்தால் 'எந்த வியாழன், எங்கள் வியாழனா உங்கள் வியாழனா' என்று கேட்க வேண்டியிருக்கிறதாம்.

இதில் அதிகம் சிக்கிக்கொண்டவர்கள் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினர். சனிக்கிழமைதான் ஓய்வுநாள் என்பது அவர்கள் நம்பிக்கையின் அச்சாணி. அரசு ஒரு நாளை எடுத்துவிட்டால் ஏழாம் நாள் எது? தொடர்ந்து எண்ணினால் புதுக் காலண்டரின் ஞாயிறுதான் ஏழாவது. அதனால் சமோவாவில் அந்தச் சபை இப்போது ஞாயிறு கூடுகிறது. எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை, சனிதான் என்று பிரிந்து போனவர்களும் உண்டு. டோங்காவில் ரொம்ப நாளாகவே அவர்கள் ஞாயிறுதான், ஏனென்றால் டோங்கா 180 டிகிரிக்குக் கிழக்கே இருந்தும் ஆசியப் பக்கத் தேதியை வைத்திருக்கிறது.

வல்லைவெளி

@தேன்மொழி, யூதருக்கும் இதே இக்கட்டு வந்திருக்கு. 1941ல லித்துவேனியாவில இருந்து தப்பி, சுகிஹாரா என்ற ஜப்பானியத் தூதர் குடுத்த விசாவில ஜப்பானுக்கு வந்த வேதபாடசாலை மாணவரில சிலர் கோபே நகரத்தில இருந்தவை. யோம் கிப்பூர் விரதம் வருது. ஜப்பானியக் காலண்டர்ப்படி ஒக்டோபர் 1 புதன். ஆனால் யூதச் சட்டத்தின்படி நாள் மாறும் கோடு எங்கே? எருசலேமில இருந்து எண்ண வேணும் எண்டு ஒரு கட்சி. எருசலேமுக்கு 90 டிகிரி கிழக்கே எண்டால் ஜப்பான் கோட்டுக்கு அங்கால போயிடும், விரதம் வியாழன். 180 டிகிரி எண்டால் புதன். தந்தி அடிச்சுக் கேட்டினம். பெரும்பாலான அறிஞர் புதன் எண்டினம். ஹசோன் இஷ் எண்டு அழைக்கப்பட்ட பெரிய ரபி மட்டும் புதன் சாப்பிடுங்கோ, வியாழன் விரதம் இருங்கோ எண்டு பதில் போட்டார். உயிர் தப்பி வந்த அகதிகளில சிலர் ரெண்டு நாளும் பட்டினி இருந்தவை.

ஈப்போ வாசகன்

1941 என்றதும் எங்கள் ஊர்க் கணக்கு ஒன்று. பேர்ல் ஹார்பர் டிசம்பர் 7, மலாயாவில் ஜப்பான் இறங்கியது டிசம்பர் 8. அதனால் முதலில் ஹவாய், மறுநாள் மலாயா என்று இங்கேயே பலர் சொல்வார்கள். உண்மை நேர்மாறு. கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கத் தொடங்கியது 8ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும். ஹவாயில் குண்டு விழுந்தது அங்கே 7ஆம் தேதி காலை 8 மணிக்குச் சற்று முன்பு. கிரீன்விச் நேரத்தில் போட்டுப் பார்த்தால் கோத்தா பாரு ஒரு மணி நேரத்துக்கும் மேலே முன்னது. அந்தப் போர் தொடங்கிய இடம் மலாயாக் கரை. பெயரை ஹவாய் தட்டிக்கொண்டு போனதில் இந்தக் கோட்டுக்கும் பங்கு உண்டு. ஜப்பானியப் புத்தகங்களில் இரண்டுமே டிசம்பர் 8தான்.

பொது அறிவு பாண்டி

வெள்ளைக்காரன் கதையே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆரியபட்டர் 5ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். இலங்கையில் சூரிய உதயம் என்றால் சித்தபுரத்தில் அஸ்தமனம், யவகோடியில் நண்பகல், ரோமகத்தில் நள்ளிரவு. தேதிக்கோடு நம்முடையது.

திருக்கணிதம்

பாண்டி, சுலோகம் சரி, முடிவு தப்பு. நிலநடுக்கோட்டில் 90 டிகிரி இடைவெளியில் நான்கு கற்பனை ஊர்களை வைத்து, ஒரே கணத்தில் இடத்துக்கு இடம் பொழுது வேறு என்று சொல்கிறார். நாள் மாறும் கோடு எங்கே என்று அதில் இல்லை.

ஆனால் சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூலில் அதைவிடச் சுவையான ஒன்று இருக்கிறது. முதல் அத்தியாயத்தின் கடைசிப் பகுதியில் வாரப் பிரவிருத்தி, அதாவது கிழமை எப்போது பிறக்கிறது என்று ஒரு சுலோகம். உஜ்ஜயினி வழியாகப் போகும் மத்திய ரேகைக்குக் கிழக்கே உள்ள ஊர்களில் நள்ளிரவுக்குப் பின்பு, தேசாந்தர நாழிகை (தீர்க்கக்கோட்டு வித்தியாசத்தால் வரும் நேர வித்தியாசம்) எவ்வளவோ அவ்வளவு கழித்து. மேற்கே உள்ள ஊர்களில் அதே அளவு நள்ளிரவுக்கு முன்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். உஜ்ஜயினியில் நள்ளிரவு ஆகும் அதே நொடியில் உலகம் முழுக்கக் கிழமை மாறுகிறது என்றுதான் அர்த்தம். சென்னைக்கு நள்ளிரவு தாண்டிச் சுமார் 18 நிமிடம். ஹொனலுலுவுக்கு எப்படி எண்ணினாலும், கிழக்கே சுற்றி வந்தாலும் மேற்கே சுற்றி வந்தாலும், காலை எட்டரை மணி வாக்கில் வரும். எல்லோருக்கும் ஒரே நொடியில் மாறினால் வாத்தியார் சொன்ன தையலே தேவையில்லை!

அதாவது நம்முடைய நூல் தேதிக்கோட்டைக் கண்டுபிடிக்கவில்லை, அதைத் தேவையில்லாமல் செய்யும் மாற்று ஏற்பாட்டைச் சொன்னது. பெருமைப்பட வேண்டுமென்றால் இதற்குப் படலாம். வழக்கத்தில் நாம் அதையும் பின்பற்றவில்லை. பஞ்சாங்கத்தில் கிழமை சூரிய உதயத்திலிருந்துதான்.

கணக்கு வாத்தியார்

திருக்கணிதம் ஐயா, அருமை. ஆனால் காலை எட்டரைக்குத் திங்கள் செவ்வாய் ஆனால் ஹவாய்க்காரன் எந்தக் கிழமைக்குப் பள்ளிக்கூடம் போவான்? தையல் போய்விடும், பதிலுக்கு உலகத்தில் பலருக்குப் பட்டப்பகலிலோ தூங்கப் போகும் நேரத்திலோ தேதி மாறும். 1998ல் ஸ்வாட்ச் கடிகார நிறுவனம் ஒரு நாளை 1,000 துண்டாக்கி, உலகம் முழுக்க ஒரே நேரம் என்று இணையத்துக்கு ஒரு மணி விட்டது நினைவிருக்கிறதா? இதே யோசனைதான். யாரும் சீந்தவில்லை.

திருக்கணிதம்

அது சரி. நான் சொல்ல வந்தது இன்னும் ஒன்று. பஞ்சாங்கத்தின் ஐந்து அங்கத்தில் திதி, நட்சத்திரம், யோகம், கரணம் நான்கும் சூரியனும் சந்திரனும் இருக்கும் இடத்தைப் பொறுத்தவை. ஒரு திதி முடியும் நொடி உலகத்துக்கே ஒன்றுதான், ஊருக்கு ஊர் கடிகாரம்தான் வேறு. ஐந்தாவதான கிழமைக்கு மட்டும் வானத்தில் ஆதாரம் இல்லை, எண்ணிக்கொண்டு வருவதுதான்.

ஹொனலுலுவையும் கிரிட்டிமாட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கக்கோடு, மேற்கு 157 டிகிரிச் சொச்சம். கடிகாரமும் ஒரே மணி காட்டும். அங்கே ஞாயிறு, இங்கே திங்கள். ஒரே காலையில் கிரிட்டிமாட்டியில் ஏழரைக்கு ராகு காலம் வந்துவிடும், ஹொனலுலுவில் மாலை நாலரைக்குத்தான். ராகு எதைப் பார்த்து வேலை செய்வார்? கிரிபாட்டி அரசிதழையா? ஹவாயில் கவாய் தீவில் 1970 முதல் ஒரு சைவ ஆதீனம் இருக்கிறது, அந்தத் தீர்க்கரேகைக்கே பஞ்சாங்கம் கணிக்கிறார்கள். திதியில் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. கிழமைக்கு அமெரிக்கக் காலண்டரைத்தான் கேட்டாக வேண்டும்.

சந்தேக சாமி

அப்போ கிரிட்டிமாட்டியில் ஞாயிறு மாலையும் ராகு காலம், மறுநாள் காலையும் ராகு காலம். ஹொனலுலுவுக்கு ஓடிவிட வேண்டியதுதான்.

நிரலாளன்

கிரிபாட்டி மாறிய வருடத்தையும் சொல்லிவிடலாம். 1979ல் விடுதலை அடைந்தபோது நாட்டுக்கு நடுவே கோடு ஓடியது. தலைநகர் தாராவாவுக்கும் கிழக்குத் தீவுகளுக்கும் பொதுவான வேலை நாள் வாரத்துக்கு நான்குதான். 1995 பிறக்கும்போது கிழக்குத் தீவுகளை ஒரு நாள் தள்ளி ஒரே தேதிக்குக் கொண்டுவந்தார்கள். 2000 புத்தாண்டு முதலில் எங்கே என்று உலகமே கேட்டபோது அவர்களிடம் பதில் தயாராக இருந்தது. ஆளில்லாத கரோலைன் தீவுக்கு மில்லேனியம் தீவு என்று பெயரே மாற்றிவிட்டார்கள். மார்ஷல் தீவுகளில் அமெரிக்க ராணுவத் தளமான குவாஜலைன் 1993 ஆகஸ்ட் 21 சனிக்கிழமையை விட்டுவிட்டு மாறியது. சனிக்கிழமையை! ஒரு வேலை நாளைத் தாண்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

எங்கள் தொழிலில் இதெல்லாம் வெறும் கதை இல்லை. நேர மண்டலத் தரவுத்தளத்தில் 'பசிபிக்/அப்பியா' என்று போட்டு 2011 டிசம்பர் 29க்கு ஒரு நாளைக் கூட்டச் சொல்லுங்கள். சில நிரல்கள் இல்லாத 30ஐக் காட்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் பிறந்த தேதியைக் கிரீன்விச் நள்ளிரவாகச் சேமித்து வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் திறந்தால் எல்லோருக்கும் ஒரு நாள் முன்பே பிறந்தநாள் வாழ்த்துப் போகும். பிறந்த தேதி என்பது ஒரு கணம் இல்லை, காலண்டரில் ஒரு கட்டம், அதை நேரமாக மாற்றாதே என்று சொல்லிப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 2007 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்-22 போர் விமானங்கள் சில ஹவாயிலிருந்து ஒக்கினாவா கிளம்பின. தேதிக்கோட்டைத் தாண்டியதும் வழிகாட்டும் கணினிகள் சுருண்டுவிட்டன. எரிபொருள் விமானங்களின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஹவாய்க்குத் திரும்பி வந்தார்கள். பிறகு மென்பொருளைத் திருத்திக்கொண்டு போனார்கள்.

கீழவாசல் செல்வா

ஃபிஜியில் ஒரு காலை இன்றும் மறு காலை நேற்றும் வைத்து நிற்கலாம் என்று ஒரு படம் சுற்றுகிறதே, அது?

நங்கூரம்

தவேவுனி தீவில் உள்ள பலகை. 180 டிகிரி அந்தத் தீவின் மேல்தான் போகிறது. படம் எடுக்கலாம், அவ்வளவுதான். ஃபிஜி முழுக்க ஒரே தேதி. காலனிக் காலத்திலேயே, 1879ல், சட்டம் போட்டுத் தீர்த்துவிட்டார்கள். 1903லிருந்து தமிழ்நாட்டு, ஆந்திரக் கூலிகள் அங்கே கரும்பு வெட்டப் போனார்களே, அவர்கள் போகும்போதே ஒரே தேதிதான்.

உண்மையாகவே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தேதியைப் பார்க்க வேண்டுமென்றால் பெரிங் நீரிணை. பெரிய டயோமீட் ரஷ்யாவுக்கு, சின்ன டயோமீட் அமெரிக்காவுக்கு. இடையில் 4 கிலோமீட்டர்கூட இல்லை. குளிர்காலத்தில் கடிகார வித்தியாசம் 21 மணி நேரம். எதிரே தெரியும் மலையில் நாளை நடந்துகொண்டிருக்கும், ஆனால் கடந்து போக அனுமதி கிடையாது.

தென் துருவத்தில் எல்லாத் தீர்க்கக்கோடும் ஒரு புள்ளியில் கூடிவிடுவதால் சௌகரியத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். அமுண்ட்சென்-ஸ்காட் நிலையத்துக்குச் சாமான் நியூசிலாந்து வழியாக வருகிறது, அதனால் நியூசிலாந்துத் தேதி. மறுபடி வல்லைவெளி சொன்னதேதான்.

ராரோ பயணி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். குடும்பத்தோடு ஆக்லாந்திலிருந்து குக் தீவுகள் போகிறோம். டிக்கெட்டில் ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை 9க்குப் புறப்பாடு, வெள்ளி பிற்பகல் 3 மணிக்கு ராரோடோங்கா என்று இருக்கிறது. அச்சுப் பிழையா? ஹோட்டலை சனி இரவிலிருந்து போட்டுவிட்டேன்.

ஆக்லாந்து தேன்மொழி

பிழை இல்லை. நான்கு மணி நேரப் பயணம், ஜூலையில் 22 மணி நேரம் பின்னே. நீங்கள் வெள்ளிக்கிழமைதான் இறங்குவீர்கள். ஹோட்டலுக்கு உடனே எழுதி வெள்ளி இரவையும் சேர்க்கச் சொல்லுங்கள், பள்ளி விடுமுறைச் சமயம், அறை கிடைக்காது. வாடகைக் காரும் வெள்ளித் தேதிக்கே. திரும்பும்போது நேர்மாறு: அங்கே சனி பகலில் ஏறினால் இங்கே ஞாயிறு. திங்கள் வேலைக்குப் போக வேண்டுமானால் அங்கே ஞாயிறு வரை தங்காதீர்கள்.